வத்திப்பெட்டியா, பத்து ரூபாய் லைட்டரா?

தெப்பக்குளத்துப் பக்கம் எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடையில் போன வாரம் இரண்டு வத்திப்பெட்டி கேட்டேன். "எதுக்குண்ணே வத்திப்பெட்டி, லைட்டரே பத்து ரூபாதான், மாசக்கணக்குல வரும்" என்று கடைக்காரர் ஒரு சீன பிளாஸ்டிக் லைட்டரை எடுத்து நீட்டினார். எங்கள் மதினி சாத்தூரில் பதினைந்து வருஷம் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவர் (தொழிற்சாலை என்று அங்கே யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான்), அதனால் எனக்கு வாங்க மனசு வரவில்லை. ஆனால் மனசு வரவில்லை என்பது ஒரு காரணமாகாது, சரி, கணக்குப் போட்டே பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

ஒரு லைட்டர் 20 தீப்பெட்டியின் வேலையைப் பார்த்துவிடும் என்பது தீப்பெட்டித் தொழிலில் இருப்பவர்களே சொல்வது. 2022 செப்டம்பரில் முதலமைச்சராக இருந்த மு.க.ஸ்டாலின் ஒன்றிய அரசுக்கு எழுதிய கடிதத்திலும் இந்தக் கணக்கு இருந்தது. பெட்டி 2 ரூபாய், ஆக 20 பெட்டிக்கு 40 ரூபாய். லைட்டர் 10 ரூபாய். விலையில் லைட்டர்தான் ஜெயிக்கிறது. இதை மறைத்துவிட்டு உள்நாட்டுப் பொருளை வாங்குங்கள் என்று பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் நம் வீட்டுக்கு அந்த 20 பெட்டி எத்தனை நாள் வரும்? காலையும் மாலையும் விளக்கு, ஒரு ஊதுபத்தி, ராத்திரி கொசுவத்தி, வெள்ளிக்கிழமை சூடம். நாளைக்கு நாலைந்து குச்சி, பத்து நாளைக்கு ஒரு பெட்டி. அப்படியென்றால் 20 பெட்டி ஆறு மாதத்துக்கு மேலேயே ஓடும். அத்தனை மாதத்தில் லைட்டரால் மிச்சமாவது 30 ரூபாய், மாதத்துக்கு ஐந்து ரூபாய் கூட வராது. அதுவும் லைட்டர் கடைசிவரை எரிந்தால்தான். எங்கள் வீட்டில் வாங்கிய ஒன்றில் உள்ளே கேஸ் பாதிக்கு நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது, உரசுகிற சக்கரம் தேய்ந்து பொறி வரவில்லை. திரும்ப கேஸ் அடைக்கவும் வழி இல்லை, அப்படியே குப்பைக்குப் போனது. பிளாஸ்டிக், தகரம், மிச்ச கேஸ் எல்லாம் சேர்ந்த அந்தக் குப்பையை யார் பிரிக்கப் போகிறார்கள்?

விளக்கு ஏற்றிப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். லைட்டரைச் சாய்த்துத் திரிக்குக் கொண்டு போனால் தீ மேலே ஏறிக் கட்டைவிரலைத்தான் சுடும், குச்சி என்றால் தூரத்தில் பிடித்து ஐந்து முகத்தையும் ஏற்றிவிடலாம். சித்திரை வெயிலில் பைக் பெட்டிக்குள் லைட்டரைப் போட்டு வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது, உள்ளே இருப்பது பியூட்டேன் என்கிற, எளிதில் தீப்பிடிக்கும் கேஸ்.

அதற்காக வத்திப்பெட்டியில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். ஐப்பசி மழையில் நமத்துப் போகும். சில பெட்டிகளில் குச்சி ஒல்லியாக இருந்து உரசும்போதே ஒடிகிறது, மருந்து தெறித்து என் மனைவியின் சேலையில் ஓட்டை விழுந்திருக்கிறது. நம்மூர்ச் சரக்கு என்று ஆதரவு கேட்கிறவர்கள் இதைச் சரிசெய்தே ஆகவேண்டும்.

அப்புறம் அந்தக் காசு எங்கே போகிறது என்பது. ஒரு காலத்தில் தீப்பெட்டியே இங்கே ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த இறக்குமதிச் சரக்குதான். 1922இல் இறக்குமதித் தீப்பெட்டிக்கு வரி கூடியது. அதே வருஷம்தான் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போனார்கள், அங்கே தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். வானம் பார்த்த பூமியான சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி பக்கம் விவசாயத்தை மட்டும் நம்பி இருக்க முடியாத குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, கையில் வாரக்கூலி வந்தது இதனால்தான். குழந்தைகளை வேலைக்கு வைத்த மோசமான காலமும் இந்தத் தொழிலுக்கு உண்டு, அதை மறக்கக்கூடாது. மதினி கட்டை அடுக்கினார். சட்டத்தில் குச்சிகளை வரிசையாக அடுக்கி, மருந்தில் முக்குவதற்குத் தயாராக்கிக் கொடுக்கிற வேலை. இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தது அந்தக் கூலி. 2007இலிருந்து 2021 வரை பதினான்கு வருஷம் ஒரே ரூபாய்க்கு விற்ற பெட்டி அது. குச்சி, மெழுகு, அட்டை எல்லாம் விலை ஏறிய பிறகுதான் 2021 டிசம்பரில் 2 ரூபாய் ஆனது.

20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர் இறக்குமதிக்கு ஒன்றிய அரசு 2023 ஜூனில் தடை போட்டது. உதிரிபாகமாகக் கொண்டுவந்து இங்கே மாட்டி விற்கிற வழி திறந்தே இருந்ததால் 2024 அக்டோபரில் அதற்கும் தடை வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் எங்கள் தெருமுனைக் கடையில் பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறது என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

பாக்கெட்டில் வைத்து நாளெல்லாம் பற்ற வைக்கிறவர்களுக்குக் கணக்கு வேறு, ஒத்துக்கொள்கிறேன். அவர்கள் கேஸ் அடைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிற உலோக லைட்டர் வாங்கலாம். வீட்டுக்கு வத்திப்பெட்டிதான்.

நான் அன்றைக்கு இரண்டுக்குப் பதிலாகப் பத்துப் பெட்டி கொண்ட பாக்கெட்டாக வாங்கினேன், 20 ரூபாய். "வத்திப்பெட்டியில எனக்கு ஒண்ணும் நிக்காதுண்ணே, லைட்டர்லதான் ரெண்டு காசு பார்க்கலாம்" என்றார் கடைக்காரர். அவர் பிழைப்பும் பிழைப்புதான். லைட்டர் அட்டையைக் கண்ணுக்கு நேராகத் தொங்கவிட்டு, வத்திப்பெட்டியை உள்ளே அலமாரியில் வைத்திருக்கிறார். அதைக் கொஞ்சம் முன்னால் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.