டிலியா, மலை ஊரா: கிழக்குத் திமோரில் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போன கதை

2003-ல் மெல்போர்னிலிருந்து கிழக்குத் திமோருக்குத் தன்னார்வ ஆசிரியையாகப் போனபோது எனக்கு இருபத்தைந்து வயது. அந்த நாடு சுதந்திரம் அடைந்து (2002 மே 20) ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. என்னை அனுப்பியவர்கள் இரண்டு வேலைகளைச் சொல்லி எது வேண்டும் என்று கேட்டார்கள். தலைநகர் டிலியில் இளைஞர்களுக்கு மாலை நேர ஆங்கில வகுப்பு, அல்லது தெற்கே ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர் தள்ளி, மௌபிசே என்ற மலை ஊரில் உள்ளூர்க் கணக்கு ஆசிரியரோடு சேர்ந்து பாடம் நடத்துவது. நான் மௌபிசேக்குப் போனேன். இன்றைக்கு யாராவது கேட்டாலும் அந்த மாதிரி வேலையைத்தான் எடுக்கச் சொல்வேன்.

வசதி என்று பார்த்தால் பேச்சே இல்லை, டிலிதான். கடற்கரை, இணையம், மருத்துவர், பேச்சுத்துணைக்கு நாலு வெளிநாட்டுக்காரர்கள் என்று எல்லாம் உண்டு. மௌபிசேயில் ராத்திரி குளிரும், மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபடும், அப்படி அடைபட்டால் காய்கறி வருவதும் நின்றுவிடும்.

டிலி வகுப்பும் நல்ல வேலைதான். ஐ.நா. பணிகள் இருந்த காலம் அது, ஓட்டுநர் வேலைக்குக்கூட ஆங்கிலம் தெரிந்தால் நல்லது என்ற நிலை. பகலெல்லாம் உழைத்துவிட்டு ஆசையோடு வந்து உட்காருவார்கள். ஆனால் அங்கே ஆசிரியர் நீங்கள் ஒருவர்தான். உங்கள் காலம் முடிந்தால் அந்த இடத்துக்கு இன்னொருவர் விமானம் ஏறி வர வேண்டும்.

என் முடிவுக்குக் காரணம் மொழி. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். இந்தோனேசியாவின் பிடியிலிருந்து பிரிய மக்கள் வாக்களித்ததும் மூண்ட 1999 செப்டம்பர் வன்முறையில் பெரும்பாலான பள்ளிக்கூடங்கள் எரிந்தன அல்லது சேதமாயின. உயர்நிலை வகுப்புகளை எடுத்துவந்த இந்தோனேசிய ஆசிரியர்கள் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். அந்த இடத்தில் வந்து நின்றவர்கள் பலரும் என் வயதுக்காரர்கள், இந்தோனேசிய மொழியில் படித்தவர்கள். புது நாட்டின் அரசியலமைப்போ உள்ளூர்ப் பொதுமொழியான தேதுமையும், இந்தோனேசியாவுக்கு முன்பு ஆண்டவர்களின் மொழியான போர்த்துக்கீசியத்தையும் ஆட்சிமொழி ஆக்கியது. அதனால் என்னோடு இருந்த ஆசிரியர் படித்தது இந்தோனேசிய மொழியில், கையில் இருந்த புத்தகம் போர்த்துக்கீசியம், பிள்ளைகளுக்குப் புரியவைப்பது தேதுமில், அந்தப் பிள்ளைகள் வீட்டில் பேசுவது அந்த மலைப்பக்கத்து மொழியான மம்பாய். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்று வளர்ந்த எனக்கே மலைப்பாக இருந்தது. இதில் ஐந்தாவதாக நான் ஆங்கிலத்தைக் கொண்டுபோய் என்ன செய்ய?

எண்களையே எடுத்துக்கொள்ளுங்கள். இருபத்தைந்து என்பதற்குத் தேதுமில் 'ருவானுலு ரெசின் லிமா', இந்தோனேசிய மொழியில் 'துவா புலு லிமா', போர்த்துக்கீசியத்தில் இன்னொன்று. ஒரே வகுப்பில் மூன்றும் கேட்கும். முதல் மாதம் நான் கரும்பலகையில் 1.250 கிலோ காப்பிக்கொட்டை என்று எழுதி ஒரு விலைக்கணக்குப் போட்டேன். ஒன்றேகால் கிலோ என்பது என் நினைப்பு. பிள்ளைகளோ ஆயிரத்து இருநூற்றைம்பது கிலோவுக்கு விலை போட்டு, பெரிய பெரிய விடைகளாகக் கொண்டுவந்து நீட்டினார்கள், எனக்கு ஒன்றும் புரியவில்லை. இந்தோனேசிய, போர்த்துக்கீசியப் பழக்கம் இரண்டிலுமே புள்ளி ஆயிரத்தைப் பிரிக்க, கமாதான் தசமத்துக்கு. பக்கத்தில் இருந்த ஆசிரியர் எழுந்து வந்து, சத்தமில்லாமல் புள்ளியை அழித்துக் கமா போட்டுவிட்டு, "ஹத்தெனெ கா லாய்?" (புரிகிறதா இல்லையா?) என்று வகுப்பைக் கேட்டார். தனியாக நின்றிருந்தால் பிள்ளைகளுக்குக் கணக்கே வராது என்று முடிவுகட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருப்பேன், அதை நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

அதற்கப்புறம் எங்கள் வேலைப் பிரிவு மாறியது. வகுப்பில் அவர் பேசுவார். முந்தின நாள் சாயங்காலமே உட்கார்ந்து அந்தக் கணக்கை எத்தனை விதமாக விளக்கலாம் என்று இரண்டு பேரும் பார்த்துவைப்போம். பின்னக் கணக்கைச் சொல்லிக்கொடுக்கப் புளியங்கொட்டையை வைத்துக் குவியல் போடலாம் என்றது நான், அதை எந்தச் சொல்லால் சொல்வது என்றது அவர்.

டிலியில் நான் இருந்தது தேதும் படித்த மூன்று வாரம்தான், அதனால் அந்த வகுப்புகளைக் குறைத்துப் பேச எனக்குத் தகுதியில்லை. அங்கே இருந்த தோழியின் மாணவர்கள் சிலருக்கு உடனே வேலை கிடைத்தது, அப்படிக் கண்ணால் பார்க்கிற பலன் எனக்குக் கிடைக்கவில்லை. நான் கிளம்பியபோது அந்த ஆசிரியர் அதே வகுப்பில் இருந்தார், அவ்வளவுதான் சொல்ல முடியும். மூன்று நான்கு மாதம் மட்டும் இருக்கப் போகிறீர்கள் என்றால் டிலி மாதிரி இடமே சரி, ஏனென்றால் தேதும் வாயில் வரவே அவ்வளவு நாள் ஆகும். வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப மாறாது என்பதால் மற்ற மொழிகளை விடச் சுலபம்தான், இருந்தாலும் பிள்ளைகளின் வேகத்தைப் பிடிக்க எனக்கு ஆறு மாதம் ஆனது.

ஒரு வருடத்துக்கு மேல் இருப்பவர் என்றால் மலைக்குப் போங்கள். கிளம்புவதற்கு முன்பே எண்களைத் தேதுமில் சொல்லிப் பழகுங்கள், தசமத்துக்குக் கமா போட்டு எழுதவும்.