கன்சோல் விற்பனையை எது தீர்மானிக்கிறது: பல தலைமுறைக் கன்சோல்களைப் பயன்படுத்திய அனுபவம்

சோனியின் பிளேஸ்டேஷன் 2, நின்டெண்டோவின் வீ, பிளேஸ்டேஷன் 4, நின்டெண்டோ ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 5 ஆகிய ஐந்து கன்சோல்களையும் (டிவியோடு இணைத்து வீடியோ கேம் விளையாடும் கருவிகள்) வாங்கி, ஒவ்வொன்றையும் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். ஒரு கன்சோல் வெளிவரும்போது அதன் சிப்பின் வேகம், கிராபிக்ஸ் திறன், திரையில் தெரியும் பிக்சல்களின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பற்றியே அதிகம் பேசப்படுகிறது. அதே கன்சோலை இரண்டு மூன்று ஆண்டுகள் புழங்கிய பிறகு, அதை ஏன் இன்னும் டிவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம் என்று யோசித்தால், கிடைக்கும் காரணங்களில் இவை பெரும்பாலும் இருப்பதில்லை. நிறுவனங்கள் வெளியிடும் விற்பனைக் கணக்குகளை என் அனுபவத்தோடு பொருத்திப் பார்க்கும்போது, அதிகத் திறன் கொண்ட கருவி அதிகம் விற்றது என்று சொல்லத்தக்க தலைமுறைகள் மிகக் குறைவு. அன்றாட வாழ்க்கைக்குள் சிரமமில்லாமல் நுழைந்த கருவியே விற்றிருக்கிறது.

இதற்கு முதல் சான்று பிளேஸ்டேஷன் 2. 2000ஆம் ஆண்டு வெளிவந்து 16 கோடிக்கு மேல் விற்ற இந்தக் கன்சோலை விற்பனையில் இதுவரை எந்தக் கன்சோலும் முந்தியதில்லை. அதற்குப் பின் 2001இல் வந்த மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸும் நின்டெண்டோவின் கேம்கியூபும் திறனில் அதைவிட மேலானவை. ஆனால் எக்ஸ்பாக்ஸ் சுமார் 2.4 கோடியோடும், கேம்கியூப் 2.17 கோடியோடும் நின்றன. காரணம் தேடி நான் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கண்ட்ரோலரைக் கையில் எடுத்தே பார்க்காத என் வீட்டார் பிளேஸ்டேஷன் 2இல் டிவிடி போட்டுப் படம் பார்த்தார்கள். தனி டிவிடி பிளேயர் விலை உயர்ந்ததாக இருந்த அந்தக் காலத்தில், கேம் விளையாடுவதற்காக ஒரு கருவி வாங்குகிறேன் என்று சொல்லி வீட்டாரின் சம்மதம் பெறுவதைவிட, படம் பார்க்கவும் உதவும் என்று சொல்லிச் சம்மதம் பெறுவது எளிதாக இருந்தது. முதல் பிளேஸ்டேஷனின் டிஸ்க்குகளும் அதில் ஓடியதால், புதிய கேம்கள் அதிகம் இல்லாத முதல் மாதங்களிலும் விளையாட ஏதாவது இருந்துகொண்டே இருந்தது. கேம்கியூபோ சிறிய டிஸ்க்கைப் பயன்படுத்தியது. அதில் டிவிடி படம் ஓடாது. அமெரிக்காவில் 299 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 2 படிப்படியாக விலை குறைந்து 2009இல் 99 டாலரை எட்டியது. அதன் விற்பனையில் ஒரு பெரும்பகுதி இப்படிப் பொறுத்திருந்து வாங்கியவர்களால் வந்தது என்பது என் கணிப்பு. கன்சோல் வாங்கிய என் நண்பர்களில் பலரும் அப்படித்தான் வாங்கினார்கள்.

வீயின் அனுபவம் வேறு விதமானது. 2006இல் பிளேஸ்டேஷன் 3 அமெரிக்காவில் 499, 599 டாலர் என்ற இரண்டு விலைகளில் வந்தபோது, வீ 249 டாலருக்கு வந்தது; ஜப்பானுக்கு வெளியே பெரும்பாலான நாடுகளில் வீ ஸ்போர்ட்ஸ் என்ற கேமும் பெட்டியிலேயே இருந்தது. ரிமோட்டைப் பிடித்துக் கையை வீசினால் திரையில் பந்து உருளும். எந்தப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்று யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. விருந்தினர் வந்த நாட்களில் எங்கள் வீட்டில் மிக அதிகம் பயன்பட்ட கருவி அதுதான். விருந்தினர் இல்லாத நாட்களில் அது பெரும்பாலும் அணைந்தே கிடந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 10.16 கோடி வீக்கள் விற்றன. அடுத்து 2012இல் வந்த வீ யூ 1.35 கோடியோடு முடிந்துபோனது. இந்தச் சரிவுக்குப் பெயர்க் குழப்பம், விளம்பரக் குறை, மற்ற நிறுவனங்கள் கேம்களைக் கொண்டுவராதது என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன; எல்லாவற்றிலும் உண்மை உண்டு. ஒரு பயனராக எனக்குப் படுவது இன்னொன்று: ஒரே ஒரு கேமுக்காகக் கன்சோல் வாங்கியவர், அந்த ஆசை தீர்ந்த பிறகு அடுத்த கன்சோலைத் தேடுவதில்லை. தொடர்ந்து கேம் வாங்கும் பழக்கம் அவரிடம் உருவாகியிருக்காது.

பிளேஸ்டேஷன் 4ஐ நான் தேர்ந்தெடுத்ததற்கு என் நண்பர்களே முதற்காரணம். 2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன், கினெக்ட் கேமராவையும் சேர்த்து 499 டாலருக்கும், பிளேஸ்டேஷன் 4 அதைவிட 100 டாலர் குறைவாகவும் வந்தன. எக்ஸ்பாக்ஸ் ஒன் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் இணைந்தாக வேண்டும், பழைய டிஸ்க்கைக் கைமாற்றுவதில் கட்டுப்பாடுகள் இருக்கும் என்று அந்த ஆண்டு முதலில் அறிவிக்கப்பட்டது. எழுந்த எதிர்ப்பைப் பார்த்து மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு ஜூன் மாதமே அந்த முடிவைக் கைவிட்டது. ஆனாலும் ஏற்பட்ட சந்தேகம் எளிதில் மறையவில்லை. நண்பர்களுக்குள் டிஸ்க்கை மாற்றிக்கொண்டு விளையாடிய எங்களைப் போன்றவர்களுக்கு அது மிக முக்கியமான செய்தி. எங்கள் குழுவில் முதலில் வாங்கிய இருவர் பிளேஸ்டேஷனை வாங்கினார்கள். மற்றவர்களுக்கு அதன் பிறகு தேர்வு என்று ஒன்று இருக்கவில்லை. ஒரு கன்சோலில் இருப்பவர் இன்னொரு கன்சோலில் இருப்பவரோடு ஆன்லைனில் சேர்ந்து விளையாடுவது அன்று பெரும்பாலும் இயலாத காரியம். சோனி ஃபோர்ட்நைட் கேமுக்காக அந்தக் கதவைத் திறந்ததே 2018 செப்டம்பரில்தான். அதற்குள் பலரும் எந்தப் பக்கம் என்பதை முடிவு செய்திருந்தார்கள். பிளேஸ்டேஷன் 4 மொத்தம் 11.7 கோடி விற்றது. எக்ஸ்பாக்ஸ் எத்தனை விற்கிறது என்று சொல்வதை மைக்ரோசாஃப்ட் 2015இல் நிறுத்திக்கொண்டது.

இனி ஸ்விட்ச். நான் பயன்படுத்தியவற்றில் மிக அதிக நேரம் என் கையில் இருந்த கருவி என்பதால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத விரும்புகிறேன். டிவியில் விளையாடிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் செய்தி பார்க்க வந்தால், டாக்கிலிருந்து (டிவியோடு இணைக்கும் தாங்கி) கருவியை மேலே தூக்கினால் போதும். டிவியில் இருந்த காட்சி அடுத்த நொடி கையிலிருக்கும் திரைக்கு வந்துவிடும். பவர் பொத்தானைத் தட்டினால் உறங்கிவிடும். மறுநாள் மீண்டும் தட்டி, ஏதாவது ஒரு பொத்தானை மூன்று முறை அழுத்தினால், நேற்று பாதியில் நிறுத்திய தாவலின் நடுவிலேயே கேமின் கதாபாத்திரம் நின்றுகொண்டிருக்கும். பத்து நிமிடம் கிடைத்தால் பத்து நிமிடம் விளையாடலாம் என்ற இந்த வசதி, வேலைக்குப் போகும் ஒருவருக்கு எவ்வளவு பெரியது என்பதை எந்தத் தொழில்நுட்ப அட்டவணையும் காட்டாது. 2017 மார்ச்சில் வந்தபோதே அதன் சிப் போட்டியாளர்களைவிடப் பல படி பின்தங்கியிருந்தது. சில பெரிய கேம்களில் காட்சி திணறுவதை நானே பார்த்திருக்கிறேன். இருந்தும் 2024 முடிவதற்குள் 15 கோடியைத் தாண்டியது.

நல்ல கேம் இருந்தால் கன்சோல் விற்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஸ்விட்சின் முதல் மாதம் அதற்கு வலுவான சான்று: அமெரிக்காவில் விற்ற கன்சோல்கள் 9,06,000, அதற்கான செல்டா கேமின் பிரதிகள் 9,25,000. கன்சோல்களைவிடக் கேம் அதிகமாக விற்றிருக்கிறது. ஆனால் மாரியோ கார்ட் 8 என்ற பந்தய கேம் இந்த விதிக்கு ஒரு முக்கியமான திருத்தத்தைச் சேர்க்கிறது. அந்த கேம் 2014இல் வீ யூவுக்கு வந்தபோது சுமார் 84 லட்சம் பிரதிகளே விற்றது. சில சேர்க்கைகளோடு அதே கேம் 2017இல் ஸ்விட்சுக்கு வந்து 6.7 கோடியைத் தாண்டியது. ஓட்டப்பாதைகளும் கையாளும் விதமும் பெரும்பாலும் அவையே. வீ யூவைக் காப்பாற்ற முடியாத ஒரு கேம், கருவி சரியாக அமைந்ததும் அத்தலைமுறையின் மிகப் பெரிய விற்பனைகளில் ஒன்றானது என்றால், கேமும் கருவியும் ஒன்றையொன்று இழுத்துச் செல்கின்றன என்றுதான் கொள்ள வேண்டும். கையடக்கக் கருவியாக இருப்பதால் வீட்டுக்கு ஒன்று என்ற கணக்கும் மாறுகிறது. ஆளுக்கொன்று வேண்டும் என்ற நிலை வருகிறது. 2020 மார்ச்சில், உலகம் வீட்டுக்குள் அடைந்த அதே நாட்களில், தனக்கென ஒரு தீவை உருவாக்கி விளையாடும் அனிமல் கிராசிங் கேம் ஸ்விட்சுக்கு வெளியானது. ஒரு கருவியில் ஒரு தீவு மட்டுமே உருவாக்க முடியும் என்பதால், தனக்கென ஒரு தீவு வேண்டும் என்று இரண்டாவது ஸ்விட்ச் வாங்கிய குடும்பங்களை நான் அறிவேன்.

குறைகளையும் பதிவு செய்ய வேண்டும். நான் வைத்திருந்த கன்சோல்களில் ஒன்றின் கண்ட்ரோலர், ஸ்டிக்கைத் தொடாமலேயே பாத்திரத்தை ஒரு பக்கமாக நகர்த்தத் தொடங்கியது. பழுதுபார்த்த பிறகும் அதே சிக்கல் திரும்பி வந்தது. இப்படிப்பட்ட பழுதுகள் விற்பனையைப் பாதிக்க வேண்டும் என்று தோன்றும். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. எக்ஸ்பாக்ஸ் 360இன் சிவப்பு வளையப் பழுதுக்காக (கருவி இயங்காமல் போய், முன்பக்கம் சிவப்பு விளக்குகள் எரியும் பழுது) மைக்ரோசாஃப்ட் 2007இல் உத்தரவாதத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டித்து, நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. அந்தக் கன்சோல் அதன் பிறகும் பல ஆண்டுகள் நன்றாகவே விற்றது. நண்பர்களும் சேவ் ஃபைல்களும் (கேமில் எட்டிய இடத்தின் பதிவுகள்) இருக்கும் இடத்தை விட்டு, பழுதுக்காக யாரும் எளிதில் வெளியேறுவதில்லை.

பிளேஸ்டேஷன் 5ஐப் பொறுத்தவரை, முதலில் விற்பனையைத் தீர்மானித்தது விருப்பம் அல்ல, இருப்பு. 2020 நவம்பரில் வெளிவந்தபின் சிப் தட்டுப்பாட்டால் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அது கிடைப்பதே அரிதாக இருந்தது. வாங்கிப் பயன்படுத்தியபோது மிகவும் பிடித்தது அதன் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம். பிளேஸ்டேஷன் 4இல் ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் காத்திருந்த நேரம், இங்கே கண்ட்ரோலரைச் சரியாகப் பிடித்துக்கொள்வதற்குள் முடிந்துவிடுகிறது. முதல் மாடலில் பயன்படுத்தக் கிடைக்கும் 667 ஜிபி இடம் மட்டும் மிக விரைவில் நிறைந்துவிடும். ஒரு பெரிய கேமை ஏற்ற இன்னொன்றை அழிக்க வேண்டியிருக்கும். என் பிளேஸ்டேஷன் 4 கேம்கள் ஏறக்குறைய எல்லாமே அதில் ஓடின. ஒரு பயனர் அடுத்த கன்சோலாக எதை வாங்குவார் என்பதை இன்று மிக அதிகமாகத் தீர்மானிப்பது இந்த ஒன்றுதான் என்று நான் நம்புகிறேன். டிஸ்க் காலத்தில் பழைய கேம்களை விற்றுவிட்டு வேறு நிறுவனத்துக்கு மாறலாம். டிஜிட்டலாக வாங்கியவற்றை விற்கவும் முடியாது, எடுத்துக்கொண்டு போகவும் முடியாது. 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2, முதல் நான்கு நாட்களில் 35 லட்சத்துக்கு மேல் விற்றதில், பழைய ஸ்விட்ச் கேம்கள் பெரும்பாலும் அதில் ஓடும் என்ற உறுதிக்கும் பங்கு உண்டு.

இப்போது மாறியிருப்பது விலை. கன்சோல் விலை ஆண்டுக்கு ஆண்டு குறையும் என்பது பிளேஸ்டேஷன் 2 காலத்தில் எழுதப்படாத விதி. டிஸ்க் டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5 அமெரிக்காவில் 2020இல் 499 டாலருக்கு வந்து, 2025 ஆகஸ்டில் 549 டாலராக உயர்ந்தது. 2024இல் புரோ மாடல் டிஸ்க் டிரைவ் இல்லாமலே 699 டாலருக்கு வந்தது. சிப் தயாரிப்புச் செலவு முன்பு போல் விரைவாகக் குறைவதில்லை. அதோடு வரிச்சுமையும் கூடியிருக்கிறது. விலை குறையட்டும் என்று காத்திருந்து வாங்கும் அந்தப் பெரிய கூட்டத்துக்கு இந்தத் தலைமுறையில் இடம் சுருங்கிவிட்டது, எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது இதுதான். எனவே புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது: விலை சரிவுக்காகக் காத்திருக்க வேண்டாம், நீங்கள் விளையாட விரும்பும் கேம்கள் ஏற்கெனவே வந்திருக்கின்றனவா, உங்கள் நண்பர்கள் எதை வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள், கூடுமானால் டிஸ்க் டிரைவ் உள்ள மாடலையே எடுங்கள், பிறர் பயன்படுத்திய கேமைக் குறைந்த விலைக்கு வாங்கவும் முடித்தபின் கைமாற்றவும் அதில்தான் வழி இருக்கிறது.