ஸ்டிக்கரை நம்பி ஸ்கூபா சிலிண்டரோடு தண்ணீருக்குள் இறங்காதீர்கள்

வருடாந்திரப் பரிசோதனைக்காக என் 12 லிட்டர் ஸ்டீல் சிலிண்டரை ஒரு டைவிங் கடையில் கொடுத்தேன். உள்ளே 50 பார் (காற்றழுத்தத்தின் அளவு) காற்று மிச்சமிருந்தது. அரை மணி நேரத்தில், பரிசோதித்தாயிற்று என்று புது ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்துவிட்டு, கட்டணத்தை முழுசாக வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டிப் பார்த்தால் அதே 50 பார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சிலிண்டரின் உட்புறத்தைப் பார்க்க வேண்டுமென்றால் காற்று முழுவதையும் வெளியேற்றி வால்வைக் கழற்றியாக வேண்டும், வேறு வழியே கிடையாது.

இரண்டு நாள் கழித்து வேறோர் இடத்தில் நிரப்பிக்கொண்டு இறங்கினேன். 18 மீட்டர் ஆழத்தில் மூச்சை இழுக்கவே முடியவில்லை. கேஜைப் பார்த்தால், ஒவ்வொரு மூச்சுக்கும் முள் சடாரென்று கீழே விழுகிறது, இழுப்பதை நிறுத்தியதும் மெல்ல 120 பாருக்கு ஏறுகிறது. காற்று இருக்கிறது, ஆனால் வாய்க்கு வந்து சேரவில்லை. உடன் வந்தவரின் மாற்று ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் கருவி) வாங்கி வாயில் வைத்துக்கொண்டுதான் மேலே வந்தேன்.

கரைக்கு வந்து என் ரெகுலேட்டரைக் கழற்றினோம். காற்று நுழையும் இடத்தில் இருக்கும் சின்ன உலோக வடிகட்டியில் செங்கல் பொடியை அப்பி வைத்த மாதிரி துரு. அப்புறம் வேறொரு பரிசோதகர் வால்வைக் கழற்றிச் சிலிண்டரைக் கவிழ்த்தார், காபி நிறத்தில் தண்ணீரும் துருச் செதில்களும் கொட்டின. விளக்கை உள்ளே இறக்கிக் காட்டினார், அடிப்பக்கம் குழி குழியாக அரித்துப் போயிருந்தது. இனி இதை நிரப்பவே கூடாது என்று சொல்லிவிட்டார்.

முதல் கடைக்காரரிடம் போய்க் கேட்டால், நீங்கள் நிரப்பிய இடத்தில் கம்ப்ரஸர் சரியில்லை என்கிறார். எப்பேர்ப்பட்ட ஈரக் காற்றாக இருந்தாலும் இரண்டு நாளில் ஸ்டீலை இப்படி அரிக்காது.

அடைப்பு மட்டுமல்ல ஆபத்து. இரும்பு துருப்பிடிக்கும்போது உள்ளே இருக்கும் ஆக்சிஜனையே தின்கிறது, ஆகவே ஈரம் புகுந்த சிலிண்டரை நிரப்பி மாதக்கணக்கில் வைத்திருந்து சுவாசித்தால் மயக்கமே வரலாம். அலுமினியம் என்றால் கவலையில்லை என்பவர்கள் கவனியுங்கள்: 6351 என்ற உலோகக் கலவையில் செய்த பழைய சிலிண்டர்களில் கழுத்து மரைப் பக்கம் விரிசல் விழுந்து, நிரப்பும்போதே வெடித்திருக்கின்றன.

பல நாடுகளில் 5 ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனையும் கட்டாயம். சிலிண்டருக்குள் தண்ணீரை நிரப்பி, வழக்கமான அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கோ அதற்கு மேலோ ஏற்றிப் பார்ப்பார்கள். அந்தத் தேதியைச் சிலிண்டரின் தோள்பட்டையில் உலோகத்திலேயே குத்தியிருப்பார்கள், தடவிப் பார்த்தாலே தெரியும். ஆனால் அது நல்ல தேதியாக இருந்தால் மட்டும் போதாது, என்னுடையதிலும் அந்தத் தேதி சரியாகத்தான் இருந்தது.

அதனால் பரிசோதனைக்குக் கொடுத்தால் பக்கத்திலேயே நில்லுங்கள். வால்வைக் கழற்றும்போது உள்ளே நீங்களும் எட்டிப் பாருங்கள். நிற்க நேரமில்லை என்றால், வால்வைக் கழற்றும்போது மாற்றிய பழைய ஓ-ரிங்கை (வால்வின் அடியில் காற்று கசியாமல் இருக்கும் ரப்பர் வளையம்) கேட்டு வாங்கிக்கொண்டு காசைக் கொடுங்கள்.