மன்னார்குடிப் பக்கத்துக் கேபிள் இணைப்பு: பழைய சந்தாதாரர் ஒருவரின் மதிப்புரை

மன்னார்குடிக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊரில் 2013 முதல் ஒரே கேபிள்காரரிடம் இணைப்பு வைத்திருக்கிறேன். இடையில் இரண்டு முறை டிஷ்ஷுக்கு மாறிவிடலாமா என்று யோசித்து, இரண்டு முறையும் மாறாமலே இருந்துவிட்டேன். ஏன் மாறவில்லை என்பதையும், அவரிடம் எவற்றையெல்லாம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது என்பதையும் இங்கே எழுதுகிறேன். கேபிள் என்பது பதிவு பெற்று, விதிப்படி கட்டணம் வாங்கி நடத்த வேண்டிய தொழில் என்பதால், படம் தெளிவாக வருகிறதா என்பதோடு இந்த மதிப்புரையை நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை.

முதலில் வேலைத் திறம். ஐப்பசி அடைமழையில் எங்கள் வீட்டுப் படம் கட்டம் கட்டமாக உடையும். சொல்லி அனுப்பினால் பெரும்பாலும் அன்று மாலையே வந்துவிடுவார். கூரையோரத்தில் கம்பி இறங்கும் இடத்தில் இணைப்பானைக் கழற்றி, தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்திருக்கும் செம்புக் கம்பியை எங்களிடம் காட்டிவிட்டு, இரண்டு அங்குலம் வெட்டி எறிந்து, புதுப் பின் போட்டு, அதன்மேல் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுவார். மேலிருந்து சுற்றினால் மடிப்புக்குள் தண்ணீர் தங்கும் என்று ஒருமுறை விளக்கினார். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது, தெருவில் தென்னைகளோடும் மின்கம்பங்களோடும் அவருடைய கம்பி முழுவதும் தரையில் கிடந்தது. மின்சாரம் திரும்பிய இரண்டாம் நாளே, ஒரு பையனை உடன் வைத்துக்கொண்டு, அறுந்த கம்பியில் தேறிய துண்டுகளைப் பொறுக்கி, மூங்கில் கழி நட்டு இழுத்துக் கொடுத்தார். அந்த மாதச் சந்தாவையும் எந்த வீட்டிலும் வாங்கவில்லை. நான் டிஷ்ஷுக்கு மாறாததற்கு இதுவே முதற்காரணம்.

குறை இருப்பது கணக்கில். பல ஆண்டுகள் எங்களுக்கு ரசீது என்று எதுவும் கிடையாது. பன்னிரண்டு மாதக் கட்டங்கள் அச்சிட்ட அட்டை ஒன்றில் அவர் கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான். 2019 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளின்படி, சந்தாதாரர் விரும்பிய சேனல்களுக்கு மட்டுமே பணம் கொடுக்கலாம் என்றும், முதல் 100 சேனல்களுக்கான அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்றும் வந்தது. 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்தால் அது 153 ரூபாய் 40 காசு. அடுத்த ஆண்டில் அதே தொகைக்கு 200 சேனல்கள் என்று திருத்தினார்கள். இத்தனை மாற்றம் நடந்தும் எங்கள் வீட்டில் ஒரு சேனலைக்கூடத் தேர்ந்தெடுக்கும்படி யாரும் கேட்கவில்லை. அம்மா பார்ப்பது செய்தியும் பக்திச் சேனலும் இரண்டு தொடர்களும். பாக்ஸிலோ விளையாட்டு, ஆங்கிலம், இந்தி எல்லாம் சேர்ந்த பேக் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. சென்ற ஆண்டு, வாடிக்கையாளர் தகவலுக்காக ஒதுக்கப்பட்ட 999ஆம் எண்ணுக்குப் போய்ப் பார்த்து, எங்களுக்கு வேண்டிய சேனல்களைத் தாளில் எழுதி அவரிடம் கொடுத்தேன். மறுநாளே மாற்றிக் கொடுத்தார். மாதம் அறுபது ரூபாய் குறைந்தது. கேட்டவுடன் செய்தது நன்று. ஆனால் கேட்கத் தெரியாத வீடுகள் எங்கள் தெருவிலேயே எத்தனையோ இருக்கின்றன. அந்த வீடுகளிலிருந்து மாதந்தோறும் இந்தப் பணம் போய்க்கொண்டிருக்கிறது என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

அவர் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சிக்னல் தரும் நிறுவனத்துக்கும் தெருக் கேபிள்காரருக்கும் இடையே வேறு உடன்பாடு இல்லாவிட்டால், அடிப்படைக் கட்டணம் 55க்கு 45 என்று பிரியும். 130 ரூபாயில் அவர் கைக்கு வருவது 58 ரூபாய் 50 காசு. கம்பியும் ஆள் கூலியும் அதற்குள்ளேதான். 2024 ஜூலையில் அந்த 130 ரூபாய் உச்சவரம்பையே டிராய் நீக்கிவிட்டது. ஆகவே இனி எதற்கு எவ்வளவு வாங்குகிறார்கள் என்று பிரித்துக் காட்டும் ரசீது முன்னைவிட அவசியமாகிறது.

பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லியும் கேட்டேன். அவர் தயங்கவில்லை; பைக்கின் டேங்க் கவருக்குள்ளிருந்து, நான்காக மடித்துப் பாலித்தீன் உறையில் வைத்திருந்த தாளை எடுத்து நீட்டினார். கேபிள் உரிமத்தைக் கலெக்டர் ஆபீஸில் கொடுக்கிறார்கள் என்று எங்கள் பக்கத்தில் பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஒளிபரப்பு, அரசியலமைப்பின்படி மத்திய அரசின் அதிகாரப் பட்டியலில் உள்ள பொருள். 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு இல்லாமல் யாரும் கேபிள் நடத்தக் கூடாது. அந்தப் பதிவைத் தலைமை அஞ்சலகத்தில் ஆண்டுக்கு 500 ரூபாய் கட்டிச் செய்துவந்தார்கள். 2025 ஜனவரி முதல் அது தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் இணையதளத்துக்கு மாறி, ஐந்தாண்டுக்கு 5,000 ரூபாய் என்று ஆகியிருக்கிறது. விதிமீறல் நடந்தால் கருவிகளைக் கைப்பற்றும் அதிகாரம் பெற்ற அலுவலர்களில் மாவட்ட ஆட்சியர் ஒருவர். பதிவு கொடுப்பது அவர் வேலை அன்று.

மாநில அரசே இந்தத் தொழிலில் இறங்கியபோதும் இந்த எல்லைக்குள்தான் நிற்க வேண்டியிருந்தது. 2007இல் தொடங்கிய அரசு கேபிள் டிவி நிறுவனத்தின் முதல் கட்டுப்பாட்டு அறைகளில் ஒன்று எங்கள் தஞ்சாவூரில் அமைந்தது. 2011இல் அது மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புக் கொடுத்ததை டெல்டாவில் இன்றும் நன்றியோடு சொல்வார்கள். ஆனால் மாநில அரசுகள் கேபிள் நடத்தக் கூடாது என்று டிராய் பரிந்துரைத்திருந்த நிலையில், மத்திய அரசு தர வேண்டிய டிஜிட்டல் உரிமத்துக்காக அந்நிறுவனம் 2017 ஏப்ரல் வரை காத்திருக்க நேர்ந்தது.

எங்கள் கேபிள்காரரின் தாளுக்கு வருகிறேன். அஞ்சலகப் பதிவு இரண்டு ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படாமல் இருந்தது. அதைச் சுட்டிக்காட்டியபோது கோபப்படாமல், இணையத்தில் எப்படி விண்ணப்பிப்பது என்று என்னையே கேட்டார். இ-சேவை மையத்தில் உட்கார்ந்து இருவருமாக விண்ணப்பித்தோம். இப்போது அவரிடம் ஐந்தாண்டுப் பதிவு இருக்கிறது.

இணைப்புப் பராமரிப்புக்காக யாருக்கும் தயங்காமல் இவரைப் பரிந்துரைப்பேன். புதிதாக இணைப்பு எடுப்பவர்கள் விண்ணப்பப் படிவத்தின் நகலையும் சேனல் பட்டியலையும் முதல் நாளே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சென்ற மாதம் முதல் எங்களுக்கு எண் அச்சிட்ட ரசீது வருகிறது. அம்மா அதை அட்டையோடு சேர்த்துக் குத்தி வைக்கிறார். புகார் சொன்னால் அதற்கு ஓர் எண் தர வேண்டும் என்பதும் விதி. அதை மட்டும் இன்னும் அவர் தொடங்கவில்லை. அடுத்த முறை சந்தா வாங்க வரும்போது கேட்க இருக்கிறேன்.