நுவரெலியாக் குளிரில் காலை ஸ்டார்ட்: எஞ்சினைச் சூடாக்க எந்த வழி?

கொழும்பில் விடியற்காலையில்கூட வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. அதனால் எஞ்சினை முன்கூட்டிச் சூடாக்கும் பேச்சு இங்கே எழுவது வான் எடுத்துக்கொண்டு நுவரெலியா போகும் நாட்களில்தான். ஊர் இருப்பது 1868 மீற்றர் உயரத்தில். ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் 10 பாகைக்கும் கீழே போகும்; சில விடியல்களில் புல்லின்மேல் உறைபனி படிந்திருக்கும். இரவு முழுக்க வெளியில் நின்ற டீசல் வான் காலையில் அடம்பிடித்தால், சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். ஸ்டார்ட் ஆனதும் பத்து நிமிடம் ஸ்லோவில் விடு என்பார் ஒருவர். ஸ்டார்ட் கொடுக்குமுன் எஞ்சினுக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக்கை இரண்டு தடவை போடு என்பார் இன்னொருவர். ஸ்ப்ரே அடிக்கச் சொல்பவரும் உண்டு, கனடாவில் பூட்டுவதுபோல, எஞ்சினை வீட்டு மின்சாரத்தில் சூடாக்கும் பிளாக் ஹீட்டர் பூட்டச் சொல்பவரும் உண்டு. நம் நாட்டுக் குளிருக்கு இவற்றில் ஒன்றுதான் உண்மையில் வேலை செய்கிறது. மிகப் பரவலான பழக்கமோ பயனில் கடைசியில் நிற்கிறது.

முதலில் மலையில் என்ன மாறுகிறது என்று பார்க்கவேண்டும். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் இல்லை. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே எரிபொருள் பற்றவேண்டும். உள்ளே வரும் காற்று குளிராக இருந்தால் அழுத்திய பின்னும் சூடு குறையும். போதாததற்கு, அந்த உயரத்தில் காற்றழுத்தம் கொழும்பைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆக, காற்று குளிர், அளவிலும் குறைவு. ஒயில் தடித்து எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது, அழுத்தத்தில் பிறந்த கொஞ்சச் சூடும் சிலிண்டர் சுவருக்குள் போய்விடும்.

ஸ்லோவில் விடுதல்

கொழும்பிலேயே காலையில் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருப்பவர்கள் நிறையப் பேர். ஸ்டார்ட் ஆக மறுக்கும் எஞ்சினுக்கு இதனால் ஒரு உதவியும் இல்லை. இது ஸ்டார்ட் ஆன பிறகு செய்கிற காரியம். அந்த வேலையையும் சரியாகச் செய்வதில்லை. சுமையில்லாத டீசல் எஞ்சின் மிகக் குறைந்த எரிபொருளையே எரிக்கிறது, அதனால் சூடேற வெகுநேரம் எடுக்கும். அதுவரை முழுதாக எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே ஒயிலில் இறங்கும், இன்ஜெக்டர் முனையில் கரி படியும், புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பும் ஈஜீஆர் வால்வ் அடைக்கும். பெற்றோல் எஞ்சினிலும் இதே கதைதான்: குளிர் நிலையில் கம்ப்யூட்டர் அதிக பெற்றோல் கொடுக்கும், அது ஒயிலை நீர்க்கச் செய்யும்.

இதற்கு மாற்று எளிது. ஸ்டார்ட் ஆனதும் 30 விநாடி, கடுங்குளிரில் ஒரு நிமிடம் பொறுத்து, பிறகு மெதுவாகப் புறப்படுங்கள். முதல் நான்கைந்து கிலோமீற்றருக்கு 2000 ஆர்பிஎம்முக்கு மேல் போகாமல் ஓட்டுங்கள். மிதமான சுமையில் எஞ்சின் மட்டுமல்ல, கியர்பொக்ஸ், டிஃபரென்ஷியல், வீல் பெயரிங் எல்லாமே சூடேறும். ஸ்லோவில் நிற்கும் வண்டியில் அவை குளிர்ந்தே கிடக்கும். விடுதியிலிருந்து இறங்கியதுமே செங்குத்தான ஏற்றம் வந்தால் மட்டும் இரண்டு மூன்று நிமிடம் கூடப் பொறுக்கலாம். மூடிய கராஜுக்குள் எக்காரணம் கொண்டும் ஓடவிட வேண்டாம். புகையில் வரும் நச்சு வாயுவான காபனோரொட்சைட்டுக்கு மணம் இல்லை.

ஹீட்டர் பிளக்

நம் வண்டிகளுக்குத் தேவையான முன்சூடாக்கல் இது ஒன்றுதான், அதுவும் ஏற்கெனவே எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறது. சாவியை ஓனில் வைத்ததும் பிளக்கின் நுனி சில விநாடிகளில் 800 பாகைக்கு மேல் சூடாகிறது. பழைய ஹயஸில் உள்ள 3எல் போன்ற எஞ்சின்களில் டீசல் ஒரு சிறு முன்னறைக்குள் பீச்சப்படுகிறது. அந்த அறைச் சுவர் சூட்டை இழுத்துக்கொள்வதால், கொழும்புக் காலைக்கே அவற்றுக்கு ஹீட்டர் பிளக் வேண்டும். பிந்திய ஹயஸான கேடிஹெச் வான்களில் உள்ள கொமன் ரெயில் எஞ்சின்கள் நேரடியாகச் சிலிண்டருக்குள் பீச்சுபவை. கொழும்பில் நான்கு பிளக்கும் செத்துக் கிடந்தாலும் ஸ்டார்ட் ஆகிவிடும். கோளாறு மாதக்கணக்கில் தெரியாமல் இருந்து, நானுஓயா தாண்டிய பிறகு முகம் காட்டுவது இதனால்தான்.

சரியான முறை: ஏசி, லைற், ரேடியோ எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, சாவியை ஓனில் வைத்து, மஞ்சள் சுருள் விளக்கு அணையும்வரை பொறுங்கள். அணைந்ததும் மேலும் மூன்று நான்கு விநாடி விடுங்கள். பழைய எஞ்சினானால் ஒருமுறை ஓஃப் செய்து மறுபடி ஓன் செய்யலாம். கிளட்சை அழுத்தி ஸ்டார்ட் கொடுங்கள், பத்து விநாடிக்கு மேல் அல்ல. பிடிக்காவிட்டால் அரை நிமிடம் ஸ்டார்ட்டரை ஆறவிடுங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் வெள்ளைப் புகை, பச்சை டீசல் மணம், ஒரு நிமிடத்துக்கு வண்டி குலுங்கிப் பிறகு சீராவது: இவை மூன்றும் சேர்ந்தால் ஒன்றிரண்டு பிளக் செத்திருக்கலாம். சோதிப்பது கடினமல்ல. பிளக்குகளை இணைக்கும் தகட்டைக் கழற்றி, மல்டிமீற்றரின் ஒரு முனையைப் பிளக்கின் தலையிலும் மற்றதை எஞ்சின் பிளொக்கிலும் வையுங்கள். ஏறக்குறைய 1 ஓம் அல்லது அதற்குக் குறைவாகக் காட்டினால் நல்லது. முடிவிலி காட்டினால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. நான்கும் நல்லதாக இருந்தும் வேலை நடக்கவில்லை என்றால் ரிலேயையும் பெரிய பியூஸையும் பாருங்கள். சாவி ஓனில் இருக்கும்போது தகட்டுக்கு மின் வரவேண்டும். பிளக்கைக் கழற்றி பற்றரியில் நேரடியாக வைத்துச் சிவக்கிறதா என்று பார்ப்பது பழைய 11 வோல்ட் பிளக்குக்குச் சரி. புதிய எஞ்சின்கள் சிலவற்றில் 5, 7 வோல்ட் பிளக்குகள் உண்டு. 12 வோல்ட் கொடுத்த கணமே அவை கருகும். உடலில் பொறித்த எண்ணை முதலில் வாசியுங்கள்.

கழற்றும்போது எஞ்சின் சூடாக இருக்கட்டும். முதல் நாளே துருநீக்கி எண்ணெய் விட்டுவைப்பது நல்லது. இறுகியதை முரட்டுத்தனமாகத் திருகினால் நுனி முறிந்து தலைக்குள் நின்றுவிடும். பிறகு ஹெட்டையே இறக்கவேண்டி வரும், பிளக்கின் விலையோ அதன் கால்தூசுக்கும் வராது. கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் வாங்கும்போது நான்கையும் ஒரே தயாரிப்பாக வாங்குங்கள். மிக மலிவான போலிகளில் நுனி வீங்கிப்போய் அடுத்த முறை வெளியே வர மறுக்கும்.

ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரேயை இந்த இடத்திலேயே ஒதுக்கிவிடலாம். ஈதர் கலந்த ஸ்ப்ரே, சிவந்திருக்கும் ஹீட்டர் பிளக்கில் பட்டால் நேரத்துக்கு முன்பே வெடிக்கும். ரிங் உடையும், பிஸ்டனில் விரிசல் விழும். ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினுக்கு அது எதிரி.

பிளாக் ஹீட்டர்

கருவியாகப் பார்த்தால் எல்லாவற்றிலும் சிறந்தது இதுவே. 400 முதல் 1000 வாட் வரையுள்ள மின்சுருள், வீட்டு மின்சாரத்தில் இரண்டு மூன்று மணிநேரம் கூலன்டைச் சூடாக்கும். எஞ்சின் வெதுவெதுப்பாகவே விழிக்கும், தேய்மானமும் குறையும். ஆனால் அது பிறந்தது பூச்சியத்துக்குக் கீழே 15, 20 பாகை போகும் வின்னிபெக், ஒஸ்லோ போன்ற ஊர்களுக்கு. 7 பாகைக் குளிரில், ஆண்டுக்கு ஓரிரு இரவுக்காக எஞ்சின் பிளொக்கின் துளையை அடைத்திருக்கும் மூடியான கோர் பிளக்கைக் கழற்றி இதைப் பூட்டுவது வீண் செலவு, கசிவுக்கும் ஒரு புது வழி.

உறவினர் அனுப்பிவைத்தால் இன்னொரு சிக்கல். கனடாவிலிருந்து வருவது 120 வோல்ட். நம் 230 வோல்ட்டில் செருகினால் மின்திறன் மூன்றரை மடங்கைத் தாண்டும்: 400 வாட் சுருள் 1400 வாட்டுக்கு மேல் இழுத்து எரிந்துபோகும். நோர்வேயில் மின்சாரம் 230 வோல்ட் என்பதால் அங்கிருந்து வருவது வோல்ட்டேஜில் பொருந்தும், வண்டியின் பிளொக்கில் பொருந்துமா என்பது வேறு கேள்வி. எதுவானாலும் எர்த் உள்ள பிளக் பொயின்ட், ட்ரிப் சுவிட்ச் இரண்டும் கட்டாயம். கூலன்ட் இல்லாமல் ஒருபோதும் ஓன் செய்யக்கூடாது.

இதே கருவிக்குக் கொழும்பிலும் ஓர் உரிய இடம் உண்டு: ஆஸ்பத்திரி, ஹோட்டல் போன்றவற்றின் அவசர ஜெனரேட்டர். கரண்ட் போன சில விநாடிகளில் முழுச் சுமையையும் ஏற்கவேண்டிய டீசல் எஞ்சின், 28 பாகைக் காலநிலையிலும் 40 பாகைக்கு மேல் சூடாக இருப்பது நல்லது. டீசலை எரித்துக் கூலன்டைச் சூடாக்கும் ஐரோப்பிய ஹீட்டர்கள் இன்னும் விலை. இங்கே அவற்றுக்கு வேலையே இல்லை.

பெற்றோல், ஹைபிரிட், ஓட்டோ

பெற்றோல் காருக்கு ஸ்பார்க் இருப்பதால் நுவரெலியாக் குளிர் பொருட்டே அல்ல. ஹைபிரிட்டில் எஞ்சின் எப்போது ஓடவேண்டும் என்பதைக் கம்ப்யூட்டரே தீர்மானிக்கும். மூன்றாம் தலைமுறை பிரியஸில் புகைக்குழாய்ச் சூட்டையே கூலன்டுக்குத் திருப்பும் அமைப்பு உண்டு. கார்புரேட்டர் ஓட்டோவுக்கு சோக் போதும், ஓடத் தொடங்கியதும் அதைத் திரும்பத் தள்ள மறக்கக்கூடாது.

புறப்படுமுன் கொழும்பிலேயே பார்க்கவேண்டியவை சில உண்டு. பற்றரியைக் கொல்வது கொழும்பு வெயில். பழியோ மலைக்குளிருக்குப் போகும். ஓய்வில் 12.6 வோல்ட் இருக்கட்டும். ஸ்டார்ட் கொடுக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் மாற்றிவிடுங்கள். குளிரில் அதிகம் தடிக்கும் 20டபிள்யூ-50 ஒயில் ஊற்றிய வானில், கம்பனிக் கையேடு அனுமதித்தால், குளிரில் குறைவாகத் தடிக்கும் 15டபிள்யூ-40 அல்லது 10டபிள்யூ-30-க்கு இறங்கலாம். எஞ்சின் சூடாகிறது என்று யாராவது கராஜில் தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருந்தால், மலையில் அந்த எஞ்சின் எவ்வளவு ஓடினாலும் தன் வெப்பநிலைக்கு வராது. பல டொயோட்டாக்களில் அது 82 பாகையில் திறக்கும் சிறிய வால்வ். அதைத் திரும்பப் பூட்டி, சூடானதற்கான உண்மையான காரணத்தை, பெரும்பாலும் அடைத்த ரேடியேட்டரை, சரிசெய்துவிட்டு ஏறுங்கள்.