மோர்ஸா, எஃப்டி8-ஆ: மொட்டைமாடிக் கணக்கு

மச்சினன் மகன் ஹாம் ரேடியோ தேர்வில், அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் உலகத்தோடு பேச லைசென்ஸ் தரும் தேர்வில், தேறிவிட்டான். ஸ்வீட் பாக்ஸோடு வந்தவன் செருப்பைக் கழற்றும்போதே கேட்டான்: "மாமா, மோர்ஸ் கத்துக்கணுமா, இல்ல நேரா எஃப்டி8-க்குப் போயிடட்டுமா?"

மோர்ஸ் என்றால் புள்ளியும் கோடுமாகக் கையால் அடிக்கும் பழைய சங்கேதம்; எஃப்டி8 என்றால் கம்ப்யூட்டரே அனுப்பி, கம்ப்யூட்டரே படிக்கும் புது முறை. அவன் எழுதியது ரெஸ்ட்ரிக்டட் கிரேடு, கீழ்நிலை லைசென்ஸ். அதற்கு மோர்ஸ் தேர்வு கிடையாது. நான் எழுதிய ஜெனரல் கிரேடுக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸைக் கேட்டு எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. மோர்ஸ் தெரிந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை 2003-லேயே சர்வதேச விதிகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். கப்பல்காரர்கள் அதற்கும் முன்பே, 1999 பிப்ரவரியோடு, மோர்ஸைக் கைகழுவியாயிற்று. ஆக, பையன் கேட்டது நியாயமான கேள்விதான். ராணுவத்தின் தகவல்தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் இருபத்துநான்கு வருடம் ஓட்டியவன் மோர்ஸ்தான் என்று அடித்துச் சொல்வான் என எதிர்பார்த்திருப்பான் போல. நான் சொல்லவில்லை. ஒரு வாரம் டைம் கொடு என்றேன்.

எங்கள் வேலூர்ப் பக்கம் தெருவுக்கு நாலு மிலிட்டரிக்காரர் உண்டு. பென்ஷன் வந்தபிறகு சிலர் செக்யூரிட்டி வேலைக்குப் போவார்கள், சிலர் நிலத்தைப் பார்ப்பார்கள். எனக்கு மாடியில் ஆன்டெனாக் கம்பி. தண்ணீர்த் தொட்டித் தூணிலிருந்து எதிர் மூலையில் நட்ட ஜி.ஐ. பைப் வரை 10 மீட்டர் செப்புக் கம்பி, நடுவில் வெட்டி கேபிள் இறக்கியது. 14 மெகாஹெர்ட்ஸுக்கு அது போதும். கொடிக்கயிறு என்று நினைத்து என் வீட்டம்மா ஒருமுறை அதில் துணி காயப்போட்டிருக்கிறாள். அந்தக் கதை வேண்டாம்.

எஃப்டி8 தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கம்ப்யூட்டரை ரேடியோ செட்டோடு இணைத்துச் செய்யும் வேலை இது. எட்டு சுருதிகள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 6.25 ஹெர்ட்ஸ் இடைவெளி, மொத்த அகலம் 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு நிமிடமும் 15 விநாடி வீதம் நாலு துண்டு. ஒரு துண்டில் நான் அனுப்புவேன், அடுத்த துண்டில் நீங்கள். அனுப்பும் நேரம் 12.64 விநாடி, மிச்ச நேரத்தில் கம்ப்யூட்டர் வந்ததைப் பிரித்துப் படித்துவிடும். 2017-இல் இதை உருவாக்கியவர்கள் ஸ்டீவ் ஃபிராங்கியும் ஜோ டெய்லரும். பெயரில் இருக்கும் எஃப், டி இரண்டும் அவர்கள்தான். இந்த டெய்லர், ரஸ்ஸல் ஹல்ஸோடு சேர்ந்து 1974-இல் இரட்டைப் பல்சாரை (சீராகத் துடிக்கும் ஜோடி நட்சத்திரம்) கண்டுபிடித்து 1993-இல் இயற்பியல் நோபல் வாங்கியவர். இரைச்சலுக்குள் முங்கிக் கிடக்கும் நட்சத்திரத் துடிப்பைத் தோண்டி எடுத்த மனிதருக்கு, என் மாடியிலிருந்து போகும் 5 வாட் எம்மாத்திரம்!

கேட்கும் திறனில் எஃப்டி8-தான் ஜெயிக்கும், பேச்சே இல்லை. ஒரே அளவுகோலில் வைத்தால் நல்ல பழகிய காது மைனஸ் 15 டெசிபெல் வரை, அதாவது இரைச்சலைவிட அவ்வளவு கீழே இருந்தாலும், மோர்ஸை எடுக்கும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. எஃப்டி8 மைனஸ் 20, 21 வரை போகும். வித்தியாசத்தை 6 டெசிபெல், அதாவது நாலு மடங்கு, என்று வைத்துக்கொண்டால், 4 வாட்டில் நான் மோர்ஸ் அடித்து நடக்கும் வேலை எஃப்டி8-இல் 1 வாட்டில் நடந்துவிடும். அதுவும் நல்ல காது இருந்தால். ஃபயரிங் ரேஞ்ச் என் இடது காதில் மேல் சுருதிகளைத் தின்றுவிட்டது. ஊரே 700 ஹெர்ட்ஸில் மோர்ஸ் கேட்டால் நான் 500-க்கு இறக்கி வைத்துக்கொண்டுதான் கேட்பேன். கம்ப்யூட்டருக்கு அந்தக் குறை கிடையாது.

இரைச்சல் விஷயமும் அப்படித்தான். இன்று ஊருக்குள் ரேடியோ வைத்திருப்பவனுக்கு எதிரி மலையோ தூரமோ அல்ல. மலிவு எல்.இ.டி. பல்பு, செட்டாப் பாக்ஸ் அடாப்டர், பக்கத்து வீட்டு சோலார் இன்வெர்ட்டர், இவைதான். சாயங்காலம் ஆறரைக்குத் தெருவில் விளக்குப் போட்டால் ஹெட்போனில் வறுகடலைச் சட்டி வைத்தமாதிரி ஒரு சத்தம் ஏறும். அதற்குள் மோர்ஸ் தேடுவது கண்ணுக்கும் காதுக்கும் கேடு. அதே நேரத்தில் எஃப்டி8 திரையில் ஜப்பானும் இத்தாலியும் வரிவரியாக வந்துகொண்டிருக்கும். அபார்ட்மென்டில் இருக்கிற பையனுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

இன்னொன்றிலும் எஃப்டி8-க்கு நிகர் இல்லை: ஆன்டெனாவைச் சோதிப்பது. முன்பெல்லாம் கம்பியைக் கட்டிவிட்டு "எப்படிக் கேட்குது" என்று யாரையாவது கெஞ்ச வேண்டும். அவர் நல்ல மனிதராக இருந்தால் "பிரமாதம்" என்பார். பிரமாதத்தை எந்த மீட்டரில் அளப்பது? எஃப்டி8-இல் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு இணையத்தில் வரைபடத்தைத் திறந்தால், யார் யார் எத்தனை டெசிபெல்லில் நம்மைக் கேட்டார்கள் என்று வந்துவிடும். கிழக்கு மேற்காகக் கட்டியிருந்த கம்பியை வடக்கு தெற்காகத் திருப்பிய அன்று இந்தோனேசியாவிலிருந்து வந்த எண்கள் நாலைந்து டெசிபெல் கூடின. வெறும் கயிற்றை அவிழ்த்துக் கட்டியதற்கு அது நல்ல கூலி. மோர்ஸைக் கேட்டு இப்படிப் பதிவுசெய்யும் தானியங்கி நிலையங்களும் உண்டுதான். ஆனால் எஃப்டி8-க்கு இருக்கும் கூட்டம் அங்கே இல்லை.

இவ்வளவும் சொன்னபிறகு எஃப்டி8-இன் மறுபக்கம். முதலில் கடிகாரம். ஒரு நாள் இரவு திரை முழுக்கக் கோடு கோடாக சிக்னல் வழிகிறது, ஒரு வரிகூடப் படிக்கவில்லை. கேபிளைப் பிடுங்கிச் செருகினேன், சவுண்டு அளவை ஏற்றி இறக்கினேன், மென்பொருளை அழித்துத் திரும்பப் போட்டேன். ஒன்றரை மணி நேரம். கடைசியில் பார்த்தால் லேப்டாப் கடிகாரம் மூன்று விநாடி பின்னால் ஓடுகிறது. இரண்டு நாளாக வீட்டில் இன்டர்நெட் இல்லை, அதனால் தன்னைத் திருத்திக்கொள்ளவில்லை. பட்டாளத்தில் எச்-ஹவருக்கு, அதாவது நடவடிக்கை தொடங்கும் நேரத்துக்கு, கடிகாரம் ஒத்துவைத்துக் கொள்ளாதவனைப் பயிற்சி கொடுக்கும் உஸ்தாத் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். யாரும் பார்க்கவில்லை, நல்லவேளை.

அப்புறம் சூடு. மோர்ஸ் அடிக்கும்போது புள்ளிக்கும் கோட்டுக்கும் நடுவே செட் மூச்சு வாங்கிக்கொள்ளும். எஃப்டி8 அந்த 12.64 விநாடியும் நிற்காமல் முழுச் சக்தியில் ஓடும். வீட்டில் கட்டிய செட்டில் இது தெரியாமல், மோர்ஸுக்கு வைத்த அளவிலேயே விட்டேன். நாலாவது கூப்பிடுதலில் ஒரு வாசனை வந்தது. ஐஆர்எஃப்510 டிரான்சிஸ்டர் போய்விட்டது. ஹைதராபாத் அஷ்ஹர் ஃபர்ஹான் 'பிட்எக்ஸ்' என்று உலகம் முழுக்க ஆட்கள் கட்டிப் பார்த்த செட் வரிசையை வடிவமைத்தாரே, அதிலும் கடைசிக்கட்டத்தில் இந்த ஐஆர்எஃப்510-ஐத்தான் போட்டிருக்கிறார். மலிவு, எங்கும் கிடைக்கும். அதனால் இழப்பு பெரிதில்லை. ஆனால் சக்தியைப் பாதிக்கும் கீழே இறக்காமல் எஃப்டி8 பக்கம் போகாதே என்று பையனின் நோட்டில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

வேகம் என்று பார்த்தால் பலர் நம்பமாட்டார்கள்: மோர்ஸ்தான் வேகம். எஃப்டி8-இல் சொந்தமாக எழுதி அனுப்ப ஒரு துண்டுக்கு 13 எழுத்துத்தான் இடம். நிமிடத்துக்கு 20 சொல் அடிப்பவனுக்கு ஒரு சொல் 3 விநாடி. 13 எழுத்தை 8 விநாடியில் அனுப்பிவிட்டு, பதிலையும் பாதி கேட்டிருப்பான். வழக்கமான எஃப்டி8 தொடர்பு, அதாவது அழைப்பு, என் கட்டம், உன் டெசிபெல், என் டெசிபெல், சரி, வணக்கம், ஆறு துண்டு, ஒன்றரை நிமிடம். கட்டம் என்பது பூமியைச் சதுரமாகப் பிரித்து வைத்த குறி. எங்கள் ஊருக்கு எம்கே92. அதற்குமேல் அவருக்கு என்னைப்பற்றி ஒன்றும் தெரியாது. எனக்கும் அவரைப்பற்றித் தெரியாது.

இங்கேதான் பலரும் மோர்ஸ் என்றால் மனித வாசம், எஃப்டி8 என்றால் மெஷின் என்று ஆரம்பிப்பார்கள். நான் பட்டாளத்தில் எடுத்த மோர்ஸில் வாசம் கீசம் ஒன்றும் இருந்ததில்லை. ஜபல்பூரில் பயிற்சி. ஹெட்போன், பென்சில், ஐந்து ஐந்தாகக் கட்டம் போட்ட தாள். வருவது எல்லாம் சங்கேதம்: க்யூ, எக்ஸ், இஸட், ஆர், எல், ஒரு கட்டம். அடுத்து இன்னொரு கட்டம். எழுதியது என்னவென்று எழுதியவனுக்கே தெரியாது. சிந்திக்க ஆரம்பித்தால் அடுத்த எழுத்து போய்விடும், உஸ்தாத் தாளைப் பார்த்துவிட்டு மைதானத்தைக் காட்டுவார், ஓட வேண்டியதுதான். எனக்கு வந்தது, எழுதினேன், கையெழுத்துப் போட்டு நீட்டினேன். சொந்த வார்த்தை ஒன்று சேர்த்தாலும் குற்றம்.

யோசித்துப் பார்த்தால் எஃப்டி8 அந்த டூட்டியின் மறுபிறவி. குறித்த நேரம், குறித்த வடிவம், கிடைத்தது என்று ஒப்புதல், அரட்டை கிடையாது. எங்கள் சிக்னல்ஸ் படைப்பிரிவின் வாசகம் 'தீவ்ர சௌகஸ்', விரைவு, விழிப்பு. எஃப்டி8-இல் விரைவு இல்லை, விழிப்பு நிறைய. என் பழைய கமாண்டிங் ஆபீசருக்கு ரொம்பப் பிடித்திருக்கும். மோர்ஸ் என்பதை ஒரு பேச்சாக நான் தெரிந்துகொண்டதே ஓய்வுக்குப் பிறகு, ஹாம் ஆனபோதுதான். முதல்முறை ஒருவர் சாவகாசமாக அடித்து, இங்கே மழை, மாடு கன்று போட்டிருக்கிறது என்று சொன்னபோது பென்சிலை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். இருபத்துநான்கு வருடத்தில் மோர்ஸில் வந்த எதற்கும் நான் சிரித்ததில்லை. அன்றைக்குச் சிரித்தேன்.

கை என்று ஒன்றும் உண்டு. பழைய மோர்ஸ் கீயை (தட்டும் விசை) அடிக்கும் ஆபரேட்டரைப் பெயர் சொல்லாமலே கண்டுபிடித்துவிடலாம். என்னோடு இருந்த ஒருவர் எல் அடித்தால் கடைசிப் புள்ளி கொஞ்சம் தயங்கித்தான் விழும், மாடிப்படியில் கடைசிப் படியைக் காலால் தேடுகிறவர் மாதிரி. லீவு முடிந்து திரும்பினாரா என்பது ரோஸ்டரைப் பார்க்காமலே தெரியும். எஃப்டி8-இல் எல்லாருக்கும் ஒரே கை.

கரண்ட் போனால் கதையே மாறிவிடும். போன மாதம் ஒரு சாயங்காலம் ஏழே காலுக்குத் தெரு முழுக்க இருட்டு. ஹெட்போனில் இருந்த வறுகடலைச் சட்டியை யாரோ அடுப்பிலிருந்து இறக்கினமாதிரி ஆயிற்று. அந்த அமைதிக்குள் அடியில் கிடந்த மோர்ஸ் சிக்னல்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன, கிணறு வற்றினால் தெரியும் படிகள் போல. என்னிடம் இருப்பது 12 வோல்ட், 7 ஏஎச் பேட்டரி. 5 வாட் மோர்ஸ் செட் கேட்கும்போது 0.1 ஆம்பியர்கூட இழுக்காது, அடிக்கும்போது ஒரு ஆம்பியர் அளவு. விடிய விடிய உட்காரலாம். அதே பேட்டரியில் 30 வாட் தின்னும் லேப்டாப்பை ஓட்டினால் மூன்று மணி நேரம் தாண்டாது, செட்டுக்கான கணக்கு அதில் சேரவே இல்லை. அன்றைக்கு இரண்டு பேரோடு பேசினேன். எட்டரைக்குக் கரண்ட் வந்தது. மூன்றாமவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார், பாதியில் சட்டி திரும்ப ஏறிவிட்டது.

பேரிடர் என்று வந்தால் இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு மைக்கை எடு என்பேன். 2004 டிசம்பரில் ஹாம் நிகழ்ச்சிக்காக அந்தமான் போயிருந்த பாரதி பிரசாத் குழுவினர், 26-ஆம் தேதி சுனாமி அடித்தபோது போர்ட் பிளேரிலிருந்து நாட்டோடு தொடர்பு கொடுத்தார்கள். உயிரோடு இருப்பவர் பெயர், ஊர், சொந்தக்காரர் யார், இதெல்லாம் 13 எழுத்தில் அடங்குமா? சிக்னல் நைந்து குரல் பிடிபடாத கட்டத்தில் மோர்ஸ் கைகொடுக்கும். எஃப்டி8-க்கு அங்கே வேலையில்லை.

ஆக, பையனுக்கு நான் சொன்னது இது. முதல் மாதம் எஃப்டி8. கம்பியைக் கட்டு, வரைபடத்தைப் பார், எந்த நேரத்தில் எந்த நாட்டோடு தொடர்பு கிடைக்கிறது என்று தெரிந்துகொள். அதை மோர்ஸில் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று. கூடவே தினம் பதினைந்து நிமிடம் மோர்ஸ். புள்ளி கோடு அட்டவணையைச் சுவரில் ஒட்டாதே. கண்ணால் படித்தவன் ஒவ்வொரு எழுத்துக்கும் மனதில் அட்டவணையைப் புரட்டிக்கொண்டே இருப்பான், 8 சொல்லுக்குமேல் ஏறமாட்டான். காதால் மட்டும், வாரத்துக்கு நாலைந்து எழுத்து. நூறு நாடு பிடித்துச் சான்றிதழ் மாட்டவேண்டும் என்பதுதான் ஆசை என்றால் எஃப்டி8-ஓடு நின்றுகொள்ளலாம், தப்பில்லை. அவன் ஆசை அதுதானா என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தான். இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் வீட்டம்மாவின் பழைய நோக்கியா போனில் மெசேஜ் வந்தது. மூன்று குட்டை, இரண்டு நெட்டை, மூன்று குட்டை. பையன் கையில் இட்லியோடு அப்படியே நின்றுவிட்டான்.

"மாமா, அது எஸ்... எம்... எஸ்?"

"ஆமாடா."

"இவ்வளவு நாளும் அதைத்தான் சொல்லிட்டிருந்ததா?"

அத்தையிடம் போனை வாங்கி, தன் போனிலிருந்து இன்னொரு மெசேஜ் அனுப்பி, மறுபடி கேட்டான்.