உலூரு டூர் புக் பண்ணுகிறவர்கள் டிக்கெட்டில் எந்த ஏர்போர்ட் என்று முதலில் பாருங்கள்

ஆஸ்திரேலியா பேக்கேஜில் "உலூரு, 2 இரவு" என்று போட்டு சென்னையில் நிறைய பேர் விற்கிறார்கள். உலூரு என்பது நடு ஆஸ்திரேலியாவில் ஒரு தேசியப் பூங்காவுக்குள் நிற்கிற பிரம்மாண்டமான ஒற்றைப் பாறை. முன்பணம் கட்டுவதற்கு முன்னால் டிக்கெட்டில் இறங்கும் ஏர்போர்ட்டின் மூன்றெழுத்துக் குறியீட்டைப் பாருங்கள். ஏஒய்க்யூ என்றால் ஏயர்ஸ் ராக் (உலூருவின் இன்னொரு பெயர்) ஏர்போர்ட், அங்கிருந்து பாறைக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. ஏஎஸ்பி என்றால் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ். அங்கிருந்து உலூருவுக்கு ரோட்டில் சுமார் 450 கிலோமீட்டர், கிட்டத்தட்ட சென்னையிலிருந்து மதுரை போகிற தூரம். எங்களுக்குப் பேசிக் கொடுத்தது முதலாவது, கையில் வந்தது இரண்டாவது. டிக்கெட்டையும் ஹோட்டல் வவுச்சரையும் கிளம்புகிற வாரம்தான் அனுப்பினார்கள். போன் பண்ணிக் கேட்டதற்கு "அதுவும் உலூரு ரீஜியன்தான் மேடம், எல்லாரும் அங்கேதான் தங்குவாங்க" என்று பதில். வழக்குப் போட்டிருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. தி.நகரில் ஆபீஸ் வைத்திருக்கிறார்கள், அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இந்தப் பயணம் அம்மாவுக்காகத் திட்டமிட்டது. அம்மா பௌர்ணமி தவறாமல் திருவண்ணாமலை கிரிவலம் போகிறவர். உலூருவைச் சுற்றி வர ஒரு பாதை இருக்கிறது, 10.6 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதரை, வலமாகச் சுற்றி வரும்படிதான் பூங்கா நிர்வாகமே சொல்கிறது என்று நான் படித்துக் காட்டியதும், "வலமா? அப்போ நானும் வரேன்" என்றார். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர், அதையே அசராமல் நடக்கிறவருக்கு இது பெரிய விஷயமில்லை. அதனால் ஏஜென்ட்டிடம் நான் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: வேறு எதை வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளுங்கள், விடியற்காலையில் பாறையைச் சுற்றி நடக்க எங்களுக்கு முழுசாக ஒரு காலைப்பொழுது வேண்டும். வாட்ஸ்அப்பில் "கன்ஃபர்ம்ட்" என்று பதில் வந்தது. அந்தச் செய்தி இன்னும் என்னிடம் இருக்கிறது, வழக்கில் அதையும் சேர்த்திருக்கிறேன்.

நடந்தது என்னவென்றால், ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் இருட்டோடு பஸ் ஏற்றினார்கள். முதலில் அதே பூங்காவில் இருக்கிற கட்டா ஜூட்டா. 36 குவிமாடங்கள் மாதிரி எழும்பி நிற்கிற சிவந்த பாறைக் கூட்டம், அதில் உயரமானது தரையிலிருந்து 546 மீட்டர், உலூருவே 348 மீட்டர்தான். போய்ச் சேர்ந்தபோது உச்சிவேளை. அரையாண்டு லீவு என்பதால் டிசம்பரில் போயிருந்தோம், அங்கே அது கொளுத்தும் கோடை, அன்று முன்னறிவிப்பு 41 டிகிரி. முன்னறிவிப்பு 36 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால், அங்கே இருக்கிற "வேலி ஆஃப் தி விண்ட்ஸ்" என்கிற நடைபாதையை, கரு லுக்கவுட் என்கிற காட்சி முனைக்கு அப்பால் காலை 11 மணிக்கு மூடிவிடுவார்கள். இது இன்று நேற்று வந்த விதி இல்லை, பூங்காவின் இணையதளத்தில் இருப்பதுதான். ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து காலையில் கிளம்பும் எந்த பஸ்ஸும் கோடையில் அந்த நேரத்துக்கு முன்னால் வந்து அந்தப் பாதையை நடத்திக் காட்ட முடியாது. அப்படியிருந்தும் பயணத் திட்டத்தில் "முழு நடை, 7.4 கிலோமீட்டர்" என்று அச்சடித்து அதற்கும் காசு வாங்கியிருக்கிறார்கள்.

உலூருவிலும் அதே கதை. வெயில் காலத்தில் நடையை 11 மணிக்குள் முடித்துவிடச் சொல்கிறார்கள், மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கணக்கில் எடுத்துப் போகச் சொல்கிறார்கள். நாங்கள் பாறையடிக்குப் போனதே பிற்பகலில். முட்டிஜூலு நீர்ச்சுனை வரைக்கும் சின்னதாக ஒரு நடை, அப்புறம் அஸ்தமனம் பார்க்கிற பார்க்கிங், அங்கிருந்து நேராகத் திரும்பப் பயணம். ஹோட்டலுக்கு வந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. அம்மா சுற்றி வரவே இல்லை.

அந்தச் சின்ன நடையில் பார்த்ததைச் சொன்னால்தான் என்ன போயிற்று என்று புரியும். சுனைக்குப் பக்கத்துப் பாறையில் மேலிருந்து கீழாக வளைந்து வளைந்து ஒரு கறுப்புத் தடம். அதுதான் குனியா என்கிற மலைப்பாம்புப் பெண். தன் அக்காள் தங்கை வழிப் பிள்ளையைக் கொன்ற லிரு என்கிற விஷப்பாம்பு வீரனை எதிர்த்து அவள் சண்டை போட்ட இடம் அது, அவள் இன்னும் அங்கேயே இருக்கிறாள் என்று அந்த மண்ணின் பூர்வகுடிகளான அனங்கு மக்கள் சொல்கிறார்கள். பாறையில் இருக்கும் வெட்டுக்கள்கூட அந்தச் சண்டையில் விழுந்தவை. அம்மா அங்கே கைகூப்பி நின்றார். சுற்றுப்பாதை நெடுக இப்படி இடத்துக்கு இடம் கதை இருக்கிறது. வெளியார் கேட்கக்கூடாத கதைகள் இருக்கும் பகுதிகளில் போட்டோ எடுக்காதீர்கள் என்று பலகையும் வைத்திருக்கிறார்கள். நடக்காமல் தூரத்தில் நின்று நிறம் மாறுவதை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் இதில் ஒன்றும் தெரியாது.

நிறுவனம் கூட அனுப்பிய டூர் மேனேஜருக்கோ அந்த இடம் யாருடையது என்பதே தெரியவில்லை. 1985 அக்டோபர் 26 அன்று அந்த நிலம் அனங்கு மக்களிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. அவர்கள் அதை 99 வருஷக் குத்தகைக்குப் பூங்காவாக விட்டிருக்கிறார்கள். அந்த மனிதரோ குகை ஓவியத்தை விரலால் தொட்டுக் காட்டி விளக்கம் சொன்னார். பிறகு அம்மாவிடம் "கொஞ்சம் செம்மண் எடுத்துக்கோங்கம்மா, பூஜை ரூம்ல வெச்சா நல்லது" என்றார். "அவங்க சாமி இடத்துல கேக்காம எடுத்தா அது திருட்டுப்பா" என்று அம்மா சொன்னதற்கு அவர் சிரித்தார். குழுவில் சிலர் எடுத்தும் விட்டார்கள். அங்கிருந்து கல்லோ மண்ணோ எடுக்கக்கூடாது. எடுத்துப் போனவர்கள் மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்புவது அந்தப் பூங்காவில் வருஷக்கணக்காக நடக்கிறது.

இனி காசு விஷயம். இன்வாய்ஸில் "சிறப்பு மலையேற்ற அனுமதி" என்று ஒரு வரி. உலூரு மீது ஏறுவது 2019 அக்டோபர் 26-லிருந்து நிரந்தரமாகத் தடை, எந்த அனுமதியும் கிடையாது. அதற்கு எத்தனையோ வருஷம் முன்பிருந்தே ஏறாதீர்கள் என்று அனங்கு மக்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். எங்களுக்கு இது வேண்டாம், பட்டியலிலிருந்து எடுங்கள் என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தேன், எடுத்துவிட்டதாகச் சொல்லி இறுதி பில்லில் சேர்த்திருக்கிறார்கள். இல்லாத ஒன்றை விற்றதைவிட, ஏற வேண்டாம் என்று அந்த மக்கள் கெஞ்சிக் கேட்ட இடத்தின் பெயரில் விற்றதுதான் எனக்கு ஆறவே இல்லை. அடுத்து பூங்கா நுழைவுக் கட்டணம்: பெரியவர்களுக்கு 38 ஆஸ்திரேலிய டாலர், 3 நாள் செல்லும், 18 வயதுக்குக் கீழே இலவசம். எங்களிடம் தலைக்கு 6,000 ரூபாய், எட்டாவது படிக்கிற என் பெண்ணுக்கும் சேர்த்து.

டிசிஎஸ்ஸையும் (நம்மிடம் பணம் வாங்கும்போதே ஏஜென்ட் வசூலிக்கிற வருமான வரி) கவனியுங்கள். வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு அதை வசூலிப்பது சட்டப்படி சரிதான், நாங்கள் கட்டியபோது 5 சதவீதம். ஆனால் வசூலித்ததை உங்கள் பான் எண்ணில் கட்ட வேண்டும், வருமான வரிக் கணக்கில் நாம் அதைக் கழித்துக்கொள்ளலாம். என் பான் எண்ணில் கட்டிய வரியைக் காட்டுகிற 26ஏஎஸ் படிவத்தில் அப்படி ஒரு தொகையே வரவில்லை. கேட்டால் "ஆடிட்டர் பார்த்துக்கிறார் மேடம்" என்கிறார்கள்.

போகிறவர்கள் யுலாராவில்தான் தங்க வேண்டும், பாறைக்குப் பக்கத்தில் பயணிகள் தங்கக்கூடிய ஒரே ஊர் அதுதான், சுமார் 20 கிலோமீட்டர். வாடகை அதிகம்தான், ஏஜென்ட் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குத் தள்ளுவதே அந்த வித்தியாசத்தைத் தன் பையில் போட்டுக்கொள்ளத்தான். முடிந்தால் மே மாத லீவில் போங்கள், அப்போது அங்கே குளிர் தொடங்கும், நாள் முழுக்க நடக்கலாம். உலூருவின் அடியில் இருக்கிற மாலா பாதையில் பூங்கா ரேஞ்சர்களே காலையில் இலவசமாகக் கூட்டிப்போய்க் கதை சொல்கிறார்கள், அதற்கு யாராவது தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

எங்கள் வழக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்தேன், நிறுவனம் பதிலே சொல்லவில்லை. கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் ஆணையத்தில் கட்டணமே இல்லை, 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை என்றால் 400 ரூபாய். சம்பவம் நடந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும். நோட்டீஸ் போன பிறகு துபாய் டூர் இலவசமாகத் தருகிறோம் என்று கூப்பிட்டார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இதே மாதிரி "உலூரு ரீஜியன்" என்ற வார்த்தையோ மலையேற்ற அனுமதி என்ற வரியோ உங்கள் பில்லிலும் இருந்தால் அதை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, மீதிப் பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் மெயிலில் விளக்கம் கேளுங்கள், போனில் பேசி முடிக்காதீர்கள்.